பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கும் அவருடைய ஆவணம் கிடைக்க: பதிப்புவாரியான ஆவணத்தளம் அமைக்கும் வழி

நான் பராமரிக்கும் சிறிய கட்டளைவரிக் கருவியின் 2.0 வெளிவந்த மறுவாரம் ஒரு பயனர் எழுதினார். ஆவணத்தில் உள்ளபடியே அடித்தும் "அப்படி ஒரு ஆணை இல்லை" என்று வருகிறதாம். அவரிடம் இருந்தது 1.4. தன் லினக்ஸ் வழங்கலில் கிடைத்ததை நிறுவியிருந்தார். அங்கே அந்த வரிசைதான் கிடைக்கும். நானோ 2.0-க்காக ஆவணத்தை மாற்றி எழுதி, அதே முகவரியில் ஏற்றிவிட்டிருந்தேன். அவருக்கு வேண்டிய பக்கம் இணையத்தில் எங்குமே இல்லை. அவருடைய அரை நாளை வீணாக்கியது நான்தான்.

பதிப்புக்கு ஒன்றாக ஆவணம் வைக்கக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வார இறுதிகள் பிடித்தன. நடுவே ஒருமுறை எல்லாப் பழைய பதிப்புகளையும் ஒரே கட்டளையில் அழித்தேன். பல மாதம் கழித்து இன்னொரு முறை புதிதாக வந்தவர்கள் எல்லோரையும் பழைய ஆவணத்துக்கு அனுப்பிவைத்தேன். இரண்டும் உங்களுக்கு நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வழி தெரிந்திருந்தால் இது ஒரு நாள் வேலை.

இங்கே நான் பயன்படுத்துவது மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு உரையை இணையப் பக்கங்களாக்கும் எம்கேடாக்ஸ், அதன் மெட்டீரியல் தோற்றம், மைக் என்ற பதிப்புக் கருவி, அந்தப் பக்கங்களை வெளியிடும் கிட்ஹப் பேஜஸ். கிட்டில் கமிட், கிளை, டேக் என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் போதும். கட்டளைகளை ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். முனையத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. கருவியைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் மென்பொருள் ஒரு பைத்தான் நூலகம், செயற்கூறுகளின் விளக்கத்தை மூலநிரலிலிருந்தே எடுக்க வேண்டும், பிடிஎஃப்பும் வேண்டும் என்றால் ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணக் கருவியில் எழுதி ரீட் த டாக்ஸ் என்ற ஆவணத்தளச் சேவையில் வையுங்கள். அங்கே ஒரு டேக்கை இயக்கிவிட்டால் அந்தப் பதிப்பை அதுவே கட்டிக்கொள்ளும் (எழுதிய கோப்புகளிலிருந்து இணையப் பக்கங்களை உருவாக்குவதைத்தான் கட்டுவது என்கிறேன்). திறமூலத் திட்டங்களுக்குக் கட்டணமில்லை, பக்கத்தில் விளம்பரம் வரும். ரெப்போவின் (கிட் களஞ்சியத்தின்) வேரில், அதாவது மேல்மட்டக் கோப்புறையில், அதற்கான அமைப்புக் கோப்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

டாக்யுசாரஸ் என்ற இன்னொரு ஆவணக் கருவி வேறு வழியில் போகிறது. புதுப்பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆவணக் கோப்புறை முழுவதையும் அதே கிளையில் நகலெடுத்து வைக்கும். புரிந்துகொள்ள எளிது. ஆனால் பத்துப் பதிப்பு சேர்ந்த பிறகு ஒரு எழுத்துப்பிழையைப் பத்து இடத்தில் திருத்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் பத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதால் நேரமும் ஏறிக்கொண்டே போகும்.

மைக் செய்வது: கட்டி முடித்த எச்டிஎம்எல் பக்கங்களைப் பதிப்புக்கு ஒரு கோப்புறையாக, ஜிஎச்-பேஜஸ் என்ற தனிக் கிளையில் போட்டு வைக்கும். பழைய பதிப்பை மறுபடி கட்டுகிற பேச்சே இல்லை. ஐந்து ஆண்டு கழித்து அந்த நாளின் பைத்தானும் நீட்சிகளும் கிடைக்காமல் போனாலும், அன்று கட்டிய பக்கம் அப்படியே நிற்கும். நான் இதைத் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான்.

ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மெட்டீரியல் தோற்றத்தை உருவாக்கிய குழு 2025 நவம்பரில் அதைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றிவிட்டு, ஜென்சிக்கல் என்ற புதிய கருவிக்கு நகர்ந்துவிட்டது. இதற்காகப் பின்வாங்க வேண்டாம். நீங்கள் எழுதுவது வெறும் மார்க்டவுன் கோப்புகள்; நாளை வேறு கருவிக்கு எடுத்துப் போகலாம். ஏற்கெனவே கட்டி வைத்த பக்கங்களை எதுவும் பாதிக்காது.

2. கையில் இருக்க வேண்டிய கோப்புகள்

தொடங்கும் முன் இவற்றை ரெப்போவில் தயாராக வையுங்கள். பாதி வழியில் தேடினால் குழப்பம் வரும்.

எம்கேடாக்ஸ் அமைப்புக் கோப்பு. இதில் தளத்தின் முழு முகவரியைக் கொடுக்கும் 'சைட் யூஆர்எல்' வரியை மறக்காதீர்கள். அது தவறாக இருந்தால் பதிப்பு மாற்றும் பட்டியில் சொடுக்கியவர் அதே பக்கத்துக்குப் போகாமல் முகப்பில் போய் நிற்பார்.

தேவைகள் கோப்பு. எம்கேடாக்ஸ், மெட்டீரியல், மைக், நீங்கள் சேர்த்த நீட்சிகள் எல்லாவற்றுக்கும் துல்லியமான பதிப்பு எண் இருக்க வேண்டும். "இதற்கு மேல் எதுவானாலும் சரி" என்று எழுதினால் இன்றைக்கு ஓடும். ஆறு மாதம் கழித்துப் பழைய கிளையில் ஒரு வரி திருத்தப் போகும்போது கட்டவே முடியாது.

ஆவணத்துக்கான உரிமம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நிரலின் உரிமம் ஆவண உரைக்குத் தானாகப் பொருந்துமா என்ற கேள்வி, யாராவது மொழிபெயர்க்க முன்வரும்போது கட்டாயம் எழும். உரைக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 வரிசையில் ஒன்று, உரைக்குள் வரும் நிரல் துண்டுகளுக்கு உங்கள் நிரலின் உரிமம் என்று இரண்டு வரியில் எழுதி வையுங்கள்.

மாற்றக்குறிப்புக் கோப்பு. எந்தப் பதிப்பில் எது வந்தது, எது போனது என்பதற்கு இதுவே சாட்சி. ஆவணத்தில் "2.1 முதல்" என்று குறிப்பிடும் இடமெல்லாம் இதோடு ஒத்துப்போக வேண்டும்.

அமைப்புக் கோப்பில் ஒரு பொறி உண்டு. எம்கேடாக்ஸில் தேடல் வசதி இயல்பாகவே இயங்கும். ஆனால் 'பிளகின்ஸ்' என்ற பகுதியை நீங்களே எழுதத் தொடங்கிய கணத்தில் அந்த இயல்பு போய்விடும். மைக்கின் பெயரை மட்டும் அங்கே சேர்த்தால் தளத்தில் தேடல் பெட்டி காணாமல் போகும், பிழைச் செய்தியும் வராது. 'சர்ச்' என்பதையும் அதே பட்டியலில் எழுதுங்கள்.

3. பதிப்புகளுக்குப் பெயரிடுங்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். மற்றதையெல்லாம் பிறகு மாற்றலாம். முகவரியை மாற்றினால் வலைப்பதிவுகளிலும் விடைப்பக்கங்களிலும் பிறர் கொடுத்து வைத்த சுட்டிகள் அத்தனையும் உடையும்.

முதல் முடிவு, எண்ணின் நீளம். 2.1.0, 2.1.1, 2.1.2 என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆவணம் வைக்காதீர்கள். மூன்றாவது எண் மாறுவது பிழைதிருத்தத்துக்கு. ஆவணம் அநேகமாக மாறுவதில்லை. முதல் இரண்டு எண் மட்டும் போதும்: 1.4, 2.0, 2.1. 2.1.2 வெளிவந்தால் 2.1 கோப்புறைமீதே மறுபடி ஏற்றுங்கள். டேக்கில் 'வி' எழுத்தை முன்னால் போடும் வழக்கம் உங்களுக்கு இருக்கலாம். முகவரியில் அது வேண்டாம். போடுவதானால் எல்லாப் பதிப்புக்கும் போடுங்கள்.

இரண்டாவது, மாற்றுப்பெயர்கள். மைக்கில் ஒரு பதிப்புக்கு எண்ணோடு கூடப் பெயரும் கொடுக்கலாம். புதிய வெளியீடு வரும்போது அந்தப் பெயரை அதன்மேல் நகர்த்திவிட்டால், பெயரை வைத்துச் சுட்டி கொடுத்தவர்கள் எப்போதும் புதியதற்கே போவார்கள். பெரும்பாலான வழிகாட்டிகள் 'லேட்டஸ்ட்' என்ற பெயரைச் சொல்லித்தருகின்றன. நான் வேண்டாம் என்கிறேன். மைக் பயன்படுத்துவோர் லேட்டஸ்ட் என்றால் கடைசியாக வெளியான பதிப்பு என்று கொள்கிறார்கள். ரீட் த டாக்ஸிலோ லேட்டஸ்ட் என்பது இன்னும் வெளியாகாத முதன்மைக் கிளை. வெளியான கடைசிப் பதிப்புக்கு அங்கே 'ஸ்டேபிள்' என்று பெயர். இரண்டு பழக்கத்தோடும் வாசகர்கள் உங்களிடம் வருவார்கள். ஆகவே வெளியானதற்கு 'ஸ்டேபிள்', உருவாகிக்கொண்டிருப்பதற்கு 'டெவ்' என்று வையுங்கள். இந்த இரண்டையும் யாரும் தவறாகப் புரிந்துகொண்டு நான் பார்க்கவில்லை.

மூன்றாவது, உள்சுட்டிகள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுட்டி கொடுக்கும்போது சாய்கோட்டில் தொடங்கும் முகவரியை எழுதாதீர்கள். அது பதிப்புக் கோப்புறையைத் தாண்டித் தளத்தின் வேருக்குப் போய்விடும். பக்கத்துக் கோப்பின் மார்க்டவுன் பெயரையே, இருக்கும் இடத்திலிருந்து கணக்கிட்டு எழுதுங்கள். கூடவே அமைப்புக் கோப்பில் 'ஸ்ட்ரிக்ட்' என்பதை ட்ரூ ஆக்குங்கள். 'வேலிடேஷன்' பகுதியில் சாய்கோட்டில் தொடங்கும் சுட்டிகளுக்கும் நங்கூரங்களுக்கும் (பக்கத்துக்குள் ஒரு தலைப்பைச் சுட்டும் பெயர்கள்) 'வார்ன்' என்று கொடுங்கள். நங்கூரச் சோதனை எம்கேடாக்ஸ் 1.6 முதல் உண்டு. இதற்குப் பிறகு உடைந்த உள்சுட்டி ஒன்றிருந்தாலும் தளம் கட்டப்படாது. முதல் நாள் எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் ஆவணம் எழுதுபவர்களுக்கு இங்கே தனியாக ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு தலைப்புக்கும் அதன் சொற்களிலிருந்து ஒரு நங்கூரப் பெயர் தானாக உருவாகும். இயல்பான அமைப்பு ஆங்கில எழுத்தல்லாத எல்லாவற்றையும் களைந்துவிடும். தமிழ்த் தலைப்பில் மிச்சம் எதுவும் இருக்காது. அதனால் அடிக்கோடும் 1, 2, 3 என்ற எண்களும்தான் பெயராகும். 2.0-இல் மூன்றாவது தலைப்புக்குக் கொடுத்த சுட்டி, 2.1-இல் நடுவே ஒரு தலைப்பு நுழைந்ததும் வேறெங்கோ போய் நிற்கும். சுட்டி உடையவும் இல்லை என்பதால் எந்தச் சோதனையிலும் பிடிபடாது. தீர்வு: 'ஆட்டர் லிஸ்ட்' நீட்சியை இயக்கி, முக்கியமான தலைப்புகளுக்கு நீங்களே ஒரு குறுகிய ஆங்கிலப் பெயரைக் கொடுத்துவிடுங்கள். தலைப்பின் சொற்களைப் பின்னால் மாற்றினாலும் அந்தப் பெயர் நிலைக்கும்.

4. பழைய பதிப்பு எச்சரிக்கையை முதல் நாளே வையுங்கள்

"நீங்கள் பார்ப்பது பழைய பதிப்பின் ஆவணம்" என்ற பட்டையைப் பல தளங்களில் பார்த்திருப்பீர்கள். பதிப்பு பழையதான பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கட்டி வைத்த பக்கங்களை நாம் மறுபடி தொடுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். பட்டைக்கான குறிமுறை கட்டும்போதே பக்கத்துக்குள் போயிருந்தால்தான், பின்னொரு நாள் அது வெளிப்படும்.

ஆகவே முதல் ஏற்றத்துக்கு முன்பே மூன்று காரியம் செய்யுங்கள். அமைப்புக் கோப்பின் 'எக்ஸ்ட்ரா' பகுதியில் பதிப்பு வழங்குநர் மைக் என்றும், இயல்புப் பதிப்பு ஸ்டேபிள் என்றும் எழுதுங்கள். மெட்டீரியலின் மேலெழுதும் கோப்புறையில் முதன்மை வார்ப்புருவை உருவாக்கி, 'அவுட்டேட்டட்' என்ற கட்டத்தில் எச்சரிக்கை வாசகத்தையும் புதிய பதிப்புக்கான சுட்டியையும் வையுங்கள். மைக் நீட்சியின் கீழ் 'கெனானிக்கல் வெர்ஷன்' என்பதற்கும் ஸ்டேபிள் என்று கொடுங்கள்.

கடைசியாகச் சொன்னது தேடுபொறிகளுக்காக. அது இல்லாவிட்டால் ஒரே பக்கத்தின் ஏழு பதிப்புகளில் எதைக் காட்டுவதென்று தேடுபொறிக்குத் தெரியாது. பெரும்பாலும் நீண்ட நாள் இருந்த, அதிகச் சுட்டி பெற்ற பழையதையே முன்னால் காட்டும். ரோபோட்ஸ் கோப்பு வைத்துத் தடுக்கலாமே என்று நினைக்காதீர்கள். அந்தக் கோப்பு களப்பெயரின் வேரில் இருந்தால்தான் செல்லும். உங்கள் திட்டம் கிட்ஹப்பின் பொதுக் களப்பெயருக்குக் கீழே ஒரு கோப்புறையாக இருக்கும்போது, நீங்கள் வைக்கும் ரோபோட்ஸ் கோப்பை யாரும் படிக்கப் போவதில்லை.

5. முதல் ஏற்றத்தைக் கையால் செய்யுங்கள்

தானியங்கிக்கு அவசரப்பட வேண்டாம். ஒருமுறை உங்கள் கணினியிலிருந்து செய்து பார்த்தால் பின்னால் எங்கே உடைகிறது என்று உடனே பிடிபடும்.

'மைக் டிப்ளாய் 2.1 ஸ்டேபிள்' என்று அடியுங்கள். இது கட்டி, உங்கள் கணினியில் உள்ள ஜிஎச்-பேஜஸ் கிளையில் கமிட் செய்யும். வெளியே எதுவும் போகாது. 'மைக் சர்வ்' அடித்து உலாவியில் பாருங்கள். பதிப்புப் பட்டி தெரிகிறதா, தேடல் வேலை செய்கிறதா, படங்கள் வருகின்றனவா என்று கண்ணால் சோதியுங்கள். பிறகு 'மைக் செட்-டிஃபால்ட் ஸ்டேபிள்' என்று அடியுங்கள். இதை விட்டால் உங்கள் தளத்தின் வேர் முகவரிக்கு வருபவருக்கு 404தான் கிடைக்கும். எல்லாம் சரி என்றதும் அதே கட்டளைகளை 'புஷ்' என்ற கொடியுடன் (கட்டளையோடு சேர்க்கும் தெரிவு) ஓட்டுங்கள்.

அடுத்து கிட்ஹப்பில் ரெப்போ அமைப்புகளில் பேஜஸ் பகுதிக்குப் போய், கிளையிலிருந்து வெளியிடு என்பதைத் தேர்ந்து, ஜிஎச்-பேஜஸ் கிளையையும் வேர்க் கோப்புறையையும் குறியுங்கள். தளம் தெரியப் பத்து நிமிடம் வரை ஆகலாம். அதுவரை அமைப்பைத் திரும்பத் திரும்ப மாற்றாதீர்கள்.

இந்தக் கிளையின் வேரில் நீங்களே வைக்க வேண்டியது ஒரு 404 பக்கம். மைக் ஒவ்வொரு பதிப்புக் கோப்புறைக்குள்ளும் ஒரு 404 கோப்பை வைக்கும். கிட்ஹப் பேஜஸ் வேரில் உள்ளதை மட்டுமே பயன்படுத்தும். ஸ்டேபிளுக்கு வழிகாட்டும் எளிய பக்கம் ஒன்றை எழுதி அங்கே கமிட் செய்யுங்கள். மைக் தன் கோப்புறைகளைத் தவிர மற்றதைத் தொடாது.

கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் கவனியுங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் ஓடிய படம் பேஜஸில் தெரியாமல் போனால் காரணம் அநேகமாக இதுவாகவே இருக்கும்.

6. இந்தக் கட்டளையை மட்டும் அடிக்காதீர்கள்

எம்கேடாக்ஸுக்கென்றே 'ஜிஎச்-டிப்ளாய்' என்று ஒரு கட்டளை உண்டு. பதிப்பு இல்லாத தளங்களுக்கு அது மிகச் சரியானது; ஆரம்பப் பாடங்கள் எல்லாம் அதைத்தான் சொல்லித்தரும், விரலும் பழகிப்போயிருக்கும். ஆனால் அது ஜிஎச்-பேஜஸ் கிளையில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, இப்போது கட்டியதை மட்டும் வைக்கும். ஒரு ஞாயிறு இரவு பழக்கத்தில் அதை அடித்தேன். 1.2, 1.3, 1.4, 2.0 எல்லாம் ஒரே நொடியில் போயின. காலையில் எழுந்து அஞ்சலைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

மீட்பது எளிது, பதறாமல் இருந்தால். உங்கள் கணினியிலிருந்து செய்திருந்தால் பழைய நிலை ஒரு கமிட் பின்னால் அப்படியே இருக்கும். ஜிஎச்-பேஜஸ் கிளைக்கு மாறி, கடைசிக் கமிட்டை 'ரிவர்ட்' செய்து, புஷ் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. ஆபத்து எங்கேயென்றால், கிட்ஹப்பின் தானியங்கிச் சேவையான ஆக்‌ஷன்ஸில் ஆழமில்லாத (முழு வரலாறு இல்லாத) நகலிலிருந்து 'ஃபோர்ஸ்' கொடியுடன் அது ஓடியிருந்தால் வரலாறும் சேர்ந்து போயிருக்கலாம். இன்றே உங்கள் பணிப்பாய்வுக் கோப்புகளில் (அந்தச் சேவைக்கு வேலையைச் சொல்பவை) ஜிஎச்-டிப்ளாய் என்று தேடிப் பாருங்கள், இருந்தால் நீக்குங்கள். ஜிஎச்-பேஜஸ் கிளையின் நகல் ஒன்றை வேறு கணினியிலும் வைத்திருங்கள்.

7. தானியங்கி ஏற்றம்

பொது ரெப்போக்களுக்குக் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் வழக்கமான இயந்திரங்கள் இலவசம். இரண்டு தருணங்களில் ஓட வையுங்கள். முதன்மைக் கிளையில் மாற்றம் சேரும்போதெல்லாம் 'டெவ்' புதுப்பிக்கப்பட வேண்டும். டேக் போடும்போது அந்த எண்ணுக்கான ஆவணம் ஏற வேண்டும்.

முதல் ஓட்டம் பெரும்பாலும் தோற்கும். காரணங்கள் நான்கில் ஒன்றாக இருக்கும். ஆக்‌ஷன்ஸ் இயல்பாகக் கடைசிக் கமிட்டை மட்டுமே இறக்குகிறது. ஜிஎச்-பேஜஸ் கிளை அங்கே இல்லாததால் மைக் தடுமாறும். இறக்கும் படியில் 'ஃபெட்ச் டெப்த்' என்பதைச் சுழியமாக்குங்கள். எழுதும் அனுமதி இல்லாவிட்டால் புஷ் மறுக்கப்படும். 'கன்டென்ட்ஸ்' அனுமதியை 'ரைட்' என்று கொடுங்கள். கமிட் செய்பவரின் பெயரும் மின்னஞ்சலும் கிட்டுக்குத் தெரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். மைக்குக்கு முன் அவற்றை அமைக்கும் வரிகளைச் சேருங்கள். இரண்டு ஓட்டங்கள் ஒரே நேரத்தில் புஷ் செய்ய முயன்றால் பின்னால் வந்தது தோற்கும். 'கன்கரன்சி' குழு ஒன்றை வைத்து வரிசையில் நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருப்பதை ரத்து செய்யும் தெரிவை மட்டும் இயக்காதீர்கள்.

இனிமேல்தான் என் இரண்டாவது தவறு. டேக் வந்தால் அந்த எண்ணை ஏற்றி, ஸ்டேபிள் என்ற பெயரையும் அதற்கே நகர்த்து என்று எழுதியிருந்தேன். பல மாதம் சரியாகவே ஓடியது. பிறகு 2.1 வெளியாகியிருந்த காலத்தில், பழைய வரிசையில் ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்காக 1.4.6 டேக் போட்டேன். பணிப்பாய்வு சொன்னபடி செய்தது: ஸ்டேபிள் 1.4-க்குப் போனது. புதிதாக 2.1 நிறுவியவர்கள் எல்லோரும் இரண்டு நாள் பழைய ஆவணத்தைப் படித்தார்கள். பழைய பதிப்புக்காரர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சரிசெய்யக் கிளம்பி, புதியவர்கள் அத்தனை பேருக்கும் அதையே செய்திருந்தேன்.

ஆகவே ஸ்டேபிளை நகர்த்துவதைத் தானியங்கியிடம் கொடுக்காதீர்கள். கையால் இயக்கும் தனிப் பணிப்பாய்வாக வைத்து, எண்ணை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஆண்டுக்கு நான்கைந்து முறை செய்யும் காரியம். அரை நிமிடம் போதும். வெளியீட்டுக்கு முந்திய சோதனைப் பதிப்புகளுக்குப் போடும் டேக்குகளும் இந்தப் பொறியில் விழும். அவற்றைப் பணிப்பாய்வின் வடிகட்டியிலேயே விலக்கிவிடுங்கள்.

8. செலவும் வரம்பும்

சொந்தக் களப்பெயர் இல்லாமல் செய்தால் மொத்தச் செலவு சுழியம், ரெப்போ பொதுவில் இருக்கும்வரை. தனிப்பட்ட ரெப்போவிலிருந்து பேஜஸ் வெளியிடக் கட்டணத் திட்டம் வேண்டும்.

வெளியான தளத்தின் அளவு 1 ஜிபியைத் தாண்டக் கூடாது. மாதம் 100 ஜிபி போக்குவரத்து என்பது மென்மையான வரம்பு. உரை மட்டும் இருந்தால் இதை எட்டவே மாட்டீர்கள். திரைப்பிடிப்புகளும் அசையும் படங்களும் வைத்தால் ஒரு பதிப்பு 20 எம்பி ஆவது சாதாரணம். ஐம்பது பதிப்பில் 1 ஜிபி நிறைந்துவிடும். காணொளியைத் தளத்துக்குள் வைக்காதீர்கள். ஜிஎச்-பேஜஸ் கிளை பெருக்கப் பெருக்க, உங்கள் ரெப்போவை நகலெடுக்கும் ஒவ்வொரு பங்களிப்பாளரும் அதையும் சேர்த்தே இறக்குகிறார். பங்களிப்பு வழிகாட்டியில் 'ஒற்றைக் கிளை' கொடியுடன் நகலெடுக்கச் சொல்லுங்கள்.

சொந்தக் களப்பெயர் வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாயும், இந்தியாவில் வாங்கினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் ஒதுக்குங்கள். முதல் ஆண்டுத் தள்ளுபடி விலையைப் பார்த்து வாங்காதீர்கள். புதுப்பிக்கும் விலையைக் கேட்டு வாங்குங்கள். டிஎன்எஸ் (களப்பெயர் எந்தச் சேவையகத்துக்குப் போக வேண்டும் என்று காட்டும் பதிவு) மாற்றம் பரவ 24 மணி நேரம் வரை ஆகலாம். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் அதற்குப் பிறகே வரும். ஆகவே வெளியீட்டு வாரத்தில் களப்பெயரை மாற்றாதீர்கள். பெயரைத் தாங்கும் சிநேம் கோப்பு ஜிஎச்-பேஜஸ் கிளையின் வேரில் இருக்க வேண்டும். ஆவணக் கோப்புறையில் வைத்தால் பதிப்புக் கோப்புறைக்குள் போய்ப் பயனில்லாமல் கிடக்கும். கிட்ஹப் கணக்கு அமைப்பில் களப்பெயரை உறுதிப்படுத்தும் வசதியையும் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பேஜஸை நிறுத்திய பிறகும் டிஎன்எஸ் அங்கேயே காட்டிக்கொண்டிருந்தால், வேறொருவர் உங்கள் பெயரில் தளம் வைக்க வழியுண்டு.

ஒருவரே பராமரிக்கும் திட்டத்துக்கு நான் களப்பெயரைப் பரிந்துரைப்பதில்லை. உங்களுக்கு உடல்நலம் சரியில்லாத ஒரு மாதத்தில் புதுப்பிக்கத் தவறினால் எல்லாப் பதிப்பின் எல்லாச் சுட்டிகளும் ஒன்றாகச் சாகும். இலவச முகவரிக்கு அந்தக் கவலை இல்லை. பின்னால் களப்பெயர் வாங்கினாலும் பழைய முகவரியிலிருந்து கிட்ஹப் தானாகவே திருப்பிவிடும்.

9. பழைய பதிப்பின் ஆவணத்தைத் திருத்த

ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அந்த எண்ணுக்கு ஒரு பராமரிப்புக் கிளையைத் திறந்து வையுங்கள். 1.4 ஆவணத்தில் பிழை என்று யாராவது சொன்னால், முதன்மைக் கிளையில் திருத்திய கமிட்டை 'செரி பிக்' செய்து அந்தக் கிளைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து 'மைக் டிப்ளாய் 1.4' என்று மாற்றுப்பெயர் எதுவும் இல்லாமல் ஏற்றுங்கள். அந்தக் கிளையின் தேவைகள் கோப்பில் பூட்டி வைத்த எண்களைத் தனி மெய்நிகர் சூழலில் நிறுவிய பிறகே கட்டுங்கள்.

எல்லாப் பிழைக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. தரவை இழக்கச் செய்யும் தவறான ஆணை, பாதுகாப்பு எச்சரிக்கை, நிறுவும் முறை மாறியது ஆகிய மூன்றுக்கு மட்டும் செய்கிறேன். எழுத்துப்பிழைகள் அப்படியே இருக்கட்டும்.

10. வெளியீட்டு நாளின் வரிசை

முந்தின நாள்: மாற்றக்குறிப்பை முடியுங்கள். டெவ் ஆவணத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படியுங்கள்; நிறுவும் பக்கத்தைப் புதிய கணினியில் அப்படியே செய்து பாருங்கள். இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அன்று: முதலில் தொகுப்பை வெளியிட்டு, நிறுவ முடிகிறது என்று உறுதி செய்யுங்கள். அடுத்து ஆவணத்தை எண்ணுடன் மட்டும் ஏற்றுங்கள். சரிபார்த்த பிறகு ஸ்டேபிளை நகர்த்துங்கள். பெயர் வேறொரு பதிப்பின் மேல் இருப்பதால் 'அப்டேட் அலையஸஸ்' கொடி இல்லாமல் மைக் மறுக்கும். அந்த மறுப்பு நல்லதற்கே. ஏற்றம் தெரியப் பத்து நிமிடம், உலாவிகளின் சேமிப்பு காலாவதியாக இன்னொரு பத்து நிமிடம். அரை மணி கழித்து அறிவிப்பை அனுப்புங்கள். முன்னதாக அனுப்பினால் முதலில் வருபவர்கள் பழைய ஆவணத்தையே பார்ப்பார்கள், அவர்கள்தான் மிக ஆர்வமானவர்கள்.

11. எப்போது நீக்கலாம்

'மைக் டெலீட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. பட்டி நீளமாகிவிட்டது என்பதற்காக அதைப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் மென்பொருளை லினக்ஸ் வழங்கல்கள் எடுத்துக்கொண்டிருந்தால், அவற்றின் ஆயுள்தான் உங்கள் ஆவணத்தின் ஆயுள். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 5 ஆண்டு. டெபியனின் நிலைப்பதிப்புக்கும் எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவுக் காலத்தைச் சேர்த்தால் 5 ஆண்டு. அதற்குள் நீக்கினால் அந்தப் பயனர்களுக்குப் போக்கிடமில்லை.

நீக்கியே ஆக வேண்டும் என்றால், முதலில் ஜிஎச்-பேஜஸ் கிளையின் அப்போதைய நிலைக்கு ஒரு டேக் போடுங்கள். பிறகு மைக்கால் நீக்கி, அந்த எண்ணின் பெயரிலேயே ஒரு கோப்புறையும் அதில் ஒற்றைப் பக்கமும் வையுங்கள்: இந்தப் பதிப்புக்கு ஆதரவு முடிந்தது, அதன் ஆவணத்தை இந்த டேக்கிலிருந்து இறக்கிக்கொள்ளலாம், புதியது இங்கே. என் தளத்தில் 1.2-க்கும் 1.3-க்கும் இப்படித்தான் இருக்கிறது. 1.4 இன்னும் முழுதாக இருக்கிறது. முதலில் எழுதிய அந்தப் பயனரின் வழங்கல் அதை விடும்வரை இருக்கும்.